பத்துக்கு மூன்று

எழிலரசிக்கு உடம்பிலும் மனதிலும் ஒரு குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் 1999-ல் ஒரு பல்கலைக்கழகமே சேர்ந்து இதற்கு நேர்மாறாக நம்பியது. இட்லி என்றால் எட்டு உள்ளே போகும். படுத்தால் இரண்டாவது நிமிடம் தூக்கம். சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

கோபிச்செட்டிபாளையத்துப் பெண். மாணவர் நலத்தில் மேற்படிப்பு முடித்து, அமெரிக்காவில் டாலஸுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் விடுதிக்குப் பொறுப்பாளராக இருந்தாள். பக்கத்து ஊர் பிளானோவில் எங்கள் தமிழ்க் கூட்டம் முழுக்கக் கம்ப்யூட்டர். இவள் ஒருத்திதான் முந்நூறு பிள்ளைகளின் ரூம்மேட் சண்டையைத் தீர்த்துவைத்துச் சம்பளம் வாங்கியவள். "ஹாஸ்டல் வார்டனாம்மா நீ?" என்று ஆன்ட்டிகள் இழுப்பார்கள். "ஏதோ அந்த மாதிரிதானுங்க ஆன்ட்டி" என்பாள்.

இந்த 'ஏதோ'தான் வினை. நல்லா இருக்கேன் என்று வாயால் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்பது அவள் அம்மா போட்ட சட்டம். ஏழாம் வகுப்பில் டீச்சர் ஒருத்தி "உன் முடி எவ்வளவு அடர்த்தி!" என்றாளாம். அடுத்த வாரமே டைபாய்டு, பாதி முடி போயிற்று. அன்றிலிருந்து யார் நலம் விசாரித்தாலும் "ஏதோ ஓடுதுங்க".

அந்த வருஷம் துறையில் புதிதாக ஒரு படிவம் வந்தது. ஊழியர்கள் தங்கள் நலத்துக்குத் தாங்களே மார்க் போட வேண்டும்: உடல், மனம், உறவு, ஆன்மா என்று எட்டுக் கேள்விகள், பத்துக்கு எத்தனை. எழில் வரிசையாக மூன்று போட்டாள். ஆன்மாவுக்கு மட்டும் நான்கு. முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயிருந்தாள்.

மூன்றாம் நாள் அவளுடைய மேலதிகாரி கேரி, கண் கலங்க அவள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை. இங்கிலீஷில் சொன்னால் கண் படாது என்று அவள் "ஐ ஆம் ஃபைன்" என்றாள். கேரி தலையாட்டிவிட்டுக் கோப்பில் 'மறைக்கிறாள்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. அவள் அறைக்கு ஒரு சோபா வந்தது, மதியம் தூங்குவதற்கு. பிரெண்டா என்ற அம்மாள் வாரம் இரண்டு நாள் வந்து, இவளுக்கு யோகா கற்றுக்கொடுத்து, "இதற்கு நமஸ்தே என்று பெயர்" என்று பொறுமையாக விளக்கினாள். கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். மாணவர்களுக்காகவே இருப்பவளிடம் மாணவர்கள் போகக் கூடாதாம்! பிள்ளைகள் கதவிடுக்கு வழியாகச் சீட்டுப் போட்டார்கள். முதலில் ரூம்மேட் புகார்கள், பிறகு 'சீக்கிரம் குணமாகுங்கள்' வாழ்த்துகள். கால்பந்து அணி ஒரு கரடி பொம்மை அனுப்பியது. அவளுக்குப் பசி போயிற்று, தூக்கமும் போயிற்று. மூன்று மார்க் மெல்ல மெல்ல உண்மையாகிக்கொண்டிருந்தது.

நான் சாந்தி, சாஃப்ட்வேர் டெஸ்டர். பிழை கண்டுபிடிப்பது தொழில், கோபப்படுவது பழக்கம். ஒரு சனிக்கிழமை காலை அவள் என் வீட்டுக்கு வந்து அழுதாள்.

"உதவி டீன் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கேன்க்கா. அது கிடைச்சாத்தான் விசா எக்ஸ்டெண்ட் பண்ணுவாங்க. இல்லைன்னா ஜூன்ல மூட்டையக் கட்டோணும். மார்க் ஏழுக்குக் கீழ இருந்தா இண்டர்வியூவே கிடையாதாமா. தன்னையே பாத்துக்கத் தெரியாதவ எப்படிப் பிள்ளைகளப் பாத்துக்குவான்னு கேக்கறாங்க."

"திங்கக்கிழமை புது ஃபார்ம் வருதில்ல? பத்து போட்டுத் தொலையேன்டி!"

"பத்தா? ஐயோ, என்னக்கா சொல்றீங்க? எட்டுக் கேள்விக்கும் பத்தா? நான் தாங்குவேனா?"

இரண்டு மணி நேரம் கத்தினேன். கடைசியில் ஒப்புக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு: எழுதின கையோடு நான் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் திங்கட்கிழமை கல்லுப்பும் மிளகாய் வற்றலும் வாங்கிக்கொண்டு, சுங்கச்சாலைக்குக் காசு கட்டி அவள் விடுதிக்குப் போனேன். சிநேகிதம் என்றால் அப்படித்தான்.

அறைக்குள் புகை வந்தால் அலாரம் அடிக்கும். அதனால் விடுதிக்குப் பின்னால் பிள்ளைகள் பார்பிக்யூ போடும் இரும்பு அடுப்பில் கரியைப் பற்றவைத்தோம். எழில் அங்கேயே நின்று எட்டுப் பத்துகளை எழுதினாள். நான் மூன்று சுற்றுச் சுற்றி நெருப்பில் போட்டேன்.

நெடி தூக்கியடித்தது. நாங்கள் இருமினோம், இரண்டாம் மாடி ஜன்னல்கள் இருமின, கால்பந்து அணி இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தது. அவர்களுக்குப் பின்னால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கேரி.

போச்சு என்று நினைத்தேன். எழில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், டைபாய்டு உட்பட. நெடி அடித்தால் கண்ணேறு இல்லை, அடிக்காவிட்டால்தான் ஆபத்து என்பது வரை. கேரி அந்தப் பத்துகளைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்கும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

வருஷா வருஷம் தன்னைப் பற்றி எழுதும் ஊழியர் குறிப்பில் பன்னிரண்டு வருஷமாக 'அருமையாக இருக்கிறேன்' என்றே எழுதி வருகிறாராம். மூன்றாம் வருஷம் மனைவி பிரிந்து போனாள். ஐந்தாம் வருஷம் சர்க்கரை வந்தது. அந்தச் சோபா அவருடையதுதானாம், அலுவலகத்தில் அதில்தான் படுத்துக்கொண்டிருந்தாராம். எழிலுக்குக் கொடுத்த பிறகு தரையில்.

அதே பொட்டலத்து மிளகாய், அதே உப்பு, அதே நெருப்பு. அவரைச் சுற்றிப் போட்டேன். மிளகாய் கறுத்துச் சுருண்டு சாம்பலானது. ஒருவரும் இருமவில்லை. நான் மூக்கை அடுப்புக்கே கொண்டுபோய்ப் பார்த்தேன், ஒன்றுமில்லை. என் தொழிலில் இதைப் பிழை என்று பதிந்துவைப்போம். இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது.

கேரி அங்கேயே புல்லில் உட்கார்ந்து, தனக்கு வந்த படிவத்தை எடுத்து வரிசையாக மூன்று மூன்றாகப் போட்டார். எழில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மாதமாக அவளைச் செய்யவிடாத வேலையைச் செய்தாள்: ஒரு மனிதர் பேசுவதை முழுதாகக் கேட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் பலகையைக் கழற்றினார்கள். சோபா திரும்பிப் போனது.

மே மாதம் அவளுக்கு உதவி டீன் வேலை கிடைத்தது. என் வீட்டிலிருந்துதான் ஃபோன் கார்டு போட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"கண்ணு, எப்படி இருக்கற?"

மகிழ்ச்சியில் பெண்ணுக்குச் சட்டம் மறந்துபோயிற்று. "ரொம்ப நல்லா இருக்கேன்மா! எல்லாமே சூப்பரா இருக்குது!"

அந்தப் பக்கம் விசும்பல். "என்ன சாமி ஆச்சு? வேலை போயிருச்சா? ஆஸ்பத்திரில கீது இருக்கறியா? எங்கிட்ட மறைக்காத கண்ணு. பக்கத்துல யாரு இருக்கறாங்க, அவங்ககிட்டக் குடு!"

எழில் என்னைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஏதோ ஓடுது."

"அப்பாடா" என்றாள் அம்மா. "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"