மீட்டரம்மாவும் இரண்டு கோட் பெயின்ட்டும்

லாரி ஷெட்டில் அவளை எல்லோரும் மீட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறாள். வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் ஒரு பியூஸைக்கூட மாற்றமாட்டாள். யார் வாயில் என்ன வந்தாலும், "மீட்டர் சொல்லட்டும்" என்பாள்.

அப்பேர்ப்பட்டவளே அன்று காலைக் குளிரில் மீட்டரை எடுக்கத் தயங்கினாள். எதிரே நின்ற லாரியின் டிரைவர் அவளுடைய கொழுந்தன். அவள் வாக்குக் கொடுத்து வாங்கிக் கொடுத்த வேலை அது.

மூன்று நாளாகக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. வெயில் ஏறியதும் வண்டி நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிடும். பேட்டரி இரண்டும் புத்தம் புதுசு. லாரி முதலாளிக்கு விசாரணையே தேவைப்படவில்லை.

"ராத்திரி கேபின் லைட்டைப் போட்டுட்டுத் தூங்குறான். இன்னைக்கும் கிளம்பலைன்னா சாவி வேற ஆளுக்கு!"

முந்தின நாள் சாப்பிடும்போது அவளும், "மறைக்காம சொல்லு, லைட்டை அணைச்சியா இல்லையா?" என்று கேட்டுத் தொலைத்திருந்தாள். கொழுந்தன் பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

முதலில் பேட்டரியில் மீட்டரை வைத்தாள். இருபத்தைந்து வோல்ட்! ராத்திரி முழுக்க லைட் எரிந்திருந்தால் இவ்வளவு இருக்குமா? வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் வண்டி இன்னும் கிளம்பவில்லையே.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை இன்ஜின் உடம்பிலும் வைத்தாள்.

"இப்ப சாவியைத் திருப்பு" என்றாள், கேபினில் இருந்த கொழுந்தனிடம்.

அரை வோல்ட்கூட இருக்கக்கூடாத இடத்தில் நாலு வோல்ட் காட்டியது. மைனஸிலிருந்து போகும் எர்த் கேபிளைப் பிடித்துக்கொண்டே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் வரை போய் போல்ட்டைக் கழற்றினாள். அடியில் பளபளவென்று கறுப்பு பெயின்ட். அதைத் தாண்டிக் கரண்ட் எப்படி முழுசாகப் போகும்? குளிரில் இன்ஜின் ஆயில் கெட்டியாகி ஸ்டார்ட்டர் அதிகக் கரண்ட் கேட்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டிருக்கிறது.

"இங்க யாரு பெயின்ட் அடிச்சது?"

முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தாம்மா, நாலு நாளைக்கு முன்னாடி! துருப் பிடிக்கக்கூடாதுன்னு ஒவ்வொரு போல்ட்டாக் கழட்டி, என் கையாலயே ரெண்டு கோட் அடிச்சேன்."

அவள் உப்புத்தாளை எடுத்து இரும்பு வெளுக்கும்வரை தேய்த்தாள். போல்ட்டை முறுக்கிவிட்டுத் தலையசைத்தாள். சாவி திரும்பியதுதான் தாமதம், ஷெட்டே அதிர வண்டி உறுமியது. அப்பாடா! அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

முதலாளி அசடு வழிந்தார். "கிளம்புப்பா, லோடுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் நுழைந்துகொண்டார்.

கொழுந்தன் கேபின் கண்ணாடியை இறக்கினான். "நீங்களும் நம்பலைதானே அண்ணி?"

"நம்பலை. தப்புதான்" என்றாள் அவள். "இனிமே மீட்டரைப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறப்பேன். உன்கிட்டயும்."

அவன் சிரித்துவிட்டான். "ராத்திரி சோறு வைங்க, அண்ணி. முழுசா சாப்பிடுறேன்."