தனக்கொடி காட்டிய நல்ல நம்பர்

எங்கள் துணை சுகாதார நிலையத்தில் மாதத்தின் இரண்டாவது வியாழன் சர்க்கரை பார்க்கும் நாள். பதினோரு வருடமாக நான்தான் விரலில் ஊசி குத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருநூறுக்கு மேல். திட்டுவேன். தலையாட்டுவார்கள். அடுத்த மாதமும் அதே இருநூறு, அதே திட்டு. என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் எனக்கிருந்த ஒரே ஆறுதல் சோரியாங்குப்பம் தனக்கொடி. ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். நடவு, களை, கரும்பு வெட்டு எல்லாம் பார்த்த உடம்பு. இப்போது பாகூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறாள். சர்க்கரை வந்து ஐந்து வருடமாகிறது. ஆனால் வெறும் வயிற்றில் நூற்றிருபதைத் தாண்டியதே இல்லை.

"தனக்கொடியக்காவப் பாத்துக் கத்துக்குங்க" என்று வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போன ஆவணியில் காலில் கட்டுப்போட வந்தாள். மண்டபத்தில் உடைந்த கண்ணாடி டம்ளரின் சில்லு ஒன்று சுண்டுவிரலடியில் ஏறியிருந்தது. மூன்று நாள் அதோடு நடந்திருக்கிறாள், வலிக்கவே இல்லையாம். விரல் கறுத்துக் கிடந்தது. பதறிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ஒன்பதரை என்று வந்தது. அதை ஏழுக்குள் வைக்கத்தான் நாங்கள் படாதபாடு படுகிறோம்.

என் மிஷின்தான் கெட்டுவிட்டதோ என்று வார்டுக்கே போய்க் கேட்டேன். "நெசத்தச் சொல்லுக்கா. இன்னா பண்ண?"

"சர்க்கர பாக்கறதுக்கு முன்ன ரெண்டு நாளு சோறு தொட மாட்டேன் நர்சம்மா. பாவக்கா சாறு குடிப்பேன். மாத்திரயும் அப்பதான் போடுவேன்."

"மத்த நாளு?"

"தெனம் போட்டா கிட்னி பூடும்னு போன்ல வர்ற வீடியோவுல ஒருத்தரு சொல்றாரு."

வந்ததே எனக்குக் கோபம். "அஞ்சு வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன், எவனோ போன்ல சொல்றது ஒசத்தியா பூட்டுதா? கிட்னியக் கெடுக்கறது மாத்திர இல்லக்கா, கட்டுக்கு அடங்காத சர்க்கர!"

அவள் அழவில்லை. அசந்துபோன குரலில்தான் சொன்னாள். "அவரு அம்மா, தாயின்னு பொறுமையா சொல்றாரும்மா. அது நெசமான்னு உன்னக் கேக்கணும்னுதான் வருவேன். முன்னாடி நிக்கறவங்கள நீ திட்றதப் பாத்தா வாயி வராது. நீ என்னை மட்டுந்தான் நல்லா சொல்லுவ. அத வுட மனசு வர்ல."

வெட்கமாக இருந்தது. ஐந்து வருடமாக அந்த நம்பரைத்தான் பார்த்திருக்கிறேன்; நேற்று என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட என்ன தடை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை இப்படியே போனால் அடுத்து பாதம்தான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஐப்பசி வியாழனன்று மழை. நொண்டி நொண்டி வந்து வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் கையை நீட்டினாள்.

"ராத்திரி சோறுந்தாம்மா, கருவாட்டுக் கொழம்பு. மாத்திர தெனம் போட்டேன். நடுவுல ரெண்டு நாளு வுட்டுட்டேன்."

மிஷின் நூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தனக்கொடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு நாக்கு நுனிவரை வந்தது, பதினோரு வருடப் பழக்கம். விழுங்கிவிட்டேன். ஐந்து வருடத்தில் அவள் என்னிடம் காட்டிய முதல் உண்மை அந்த நம்பர்.

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லுக்கா. அந்த ரெண்டு நாளு ஏன் வுட்ட?"