தேன்பெட்டியில் ஓசிக் குடித்தனம்

தேனீ வளர்ப்பு வேலையில் தேனீயால் வரும் தொல்லை கொட்டோடு முடிந்துவிடும். மீதிப் பாடெல்லாம் அதோடு ஓசியில் குடியிருக்கும் பூச்சிகளோடுதான். பெட்டி வைத்துப் பார்த்த அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சிப் பக்கம் பெட்டி கொடுத்து, வளர்க்கக் கற்றுக்கொடுத்து, வாராவாரம் போய்ப் பார்த்து வருவது என் வேலையாக இருந்தது.

பிள்ளைப் பாசம்

கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருந்த பாய், கடைக்குப் பின்னால் ஒரு பெட்டி வைத்திருந்தார். சிரத்தையான மனுஷர். ஒரு நாள் திறந்தால் தேனீ ஒன்றுகூட இல்லை. தேனடை முழுக்க நூலாம்படை, உள்ளே கொழுகொழுவென்று வெள்ளைப் புழுக்கள். அந்துப்பூச்சி வந்து முட்டையிட்டு, அதன் புழுக்கள் மெழுகைத் தின்று தீர்த்திருந்தன. அடிப்பலகையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருந்தேனே என்று கேட்டேன். அவர் முகம் வாடிப்போனது.

"ஈயோட பச்சப் புள்ளைங்க தூங்கிக்கினு இருக்குதுங்கன்னு நெனச்சி, நான் கடைக்குள்ள ரேடியோகூட வைக்கல சார்."

மாடிவீட்டுக்காரர்கள்

எலவனாசூர்கோட்டை விவசாயி ஒருவரின் பெட்டியில் மேல்மூடிக்கு அடியில் சின்னக் கரப்பான்கள் ஒரு குடும்பமாக இருந்தன. தட்டிவிடப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அதுங்க மேல கீது, ஈ கீழ கீது, நடுவுல உங்களுக்கு இன்னாங்க வந்துச்சு?"

மரம் விழுந்த ரோடு

கல்வராயன் மலையில், கரியாலூருக்குப் பக்கத்தில் சின்னப்பொண்ணு என்ற பெண்ணுக்குப் பன்னிரண்டு பெட்டி கொடுத்திருந்தேன். அடிக்கடி திறந்தால் கூட்டம் பறந்துவிடும் என்று பயந்து, "நீ திறக்காதே, புழுவை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மழைக்காலம், அந்து ஏறியிருந்த நேரம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மறுவாரம் இட ஒதுக்கீட்டுப் போராட்டம். ரோடெல்லாம் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. என் பேச்சைக் கேட்டே அவள் பன்னிரண்டையும் இழக்கப்போகிறாள் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. விடியற்காலையில் சைக்கிளை எடுத்தேன்.

கச்சிராயபாளையம் போவதற்குள் போராட்டக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். புழு, பெட்டி, மலையில் ஒரு பெண் என்று உளறினேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். முன்னால் நின்றவர் சிரிக்கவில்லை. நாலு மரம் தாண்டும்வரை சைக்கிளைத் தோளில் தூக்கி வந்தார்கள். அவர்கள் பெயரைக்கூடக் கேட்காமல் போனேன். நன்றி சொன்னேனா என்பதும் நினைவில்லை; அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்னால் நின்றவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"நாங்க எங்க புள்ளைங்க படிக்கணும்னு ரோட்டுல நிக்கிறோம், அந்த மலைக்காரம்மாவும் அவங்க புள்ளைங்களுக்காகத்தான ஈ வளக்கும், போங்க."

கயிறு கட்டிய பெட்டி

மலையில் பாதி தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. பெட்டி வாசல்களில் தேனீக்கள் போக வர இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். அடிப்பலகைகள் துடைத்த மாதிரி இருந்தன. நான் செய்வதை வாராவாரம் பார்த்திருந்த சின்னப்பொண்ணு, மூன்றாம் நாளுக்கு ஒரு முறை திறந்து, புழுவை முள்ளால் எடுத்துக் கோழிக்குப் போட்டிருக்கிறாள். என் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

பதினொரு பெட்டி பிழைத்துவிட்டது. ஒன்றில்தான் நூலாம்படை. அது ஈ குறைந்துபோன கூட்டம், யாரும் தொடவே கூடாது என்று நானே கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தது. சின்னப்பொண்ணு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சங்கடப்பட்டாள்.

"மத்ததெல்லாம் நான் பாத்துக்கினேன் சார், அது மட்டும் நீங்க பாத்துக்கினு இருந்ததுங்க."

மலைக்கும் ஊருக்குமாகத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லி, கடைசிவரை சம்பளம் வாங்கியவன் நான்.