மண்ணிறம் என்ற சொல்லும் எங்கள் அண்ணியும்

எங்கள் அண்ணி ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழுந்துக்கூடை சுமந்தவர். லொறி ஓட்டிய எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊரான பலாபத்வலைக்கு வந்தார். அண்ணன் காய்ச்சலில் மறைந்தபின், மிளகு புடைத்து மகளை வளர்த்தார். ஆசிரியனான எனக்கும் அவரே சமைத்துப் போட்டார். அவர் பெருமையைப் பேச எனக்குத் தகுதி உண்டா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

யுத்த காலம். வடக்கோடு தொடர்பென்றாலே பிடித்துப்போவார்கள். ஒருநாள் மகளிடம், "அந்த மண்ணிறச் சட்டையப் போட்டுக்கிட்டுப் போம்மா" என்றார். நம்மவர்கள் அதைக் 'காப்பிக் கலர்' என்பார்கள். தேயிலைக்கு முன் இம்மலையில் காப்பி விளைந்த நாளிலிருந்து வந்த பெயராக இருக்கலாம். மண்ணிறம் வடக்குப் பேச்சு. அது இவருக்கு எப்படி வந்தது? அங்கே யார் இருக்கிறார்கள்? நான் அவரிடம் கேட்கவில்லை; அவர் பேசுவதை ஒட்டுக்கேட்டேன். வட்டாரச் சொற்கள் சேர்த்துவந்த குறிப்பேட்டில், 'மண்ணிறம் – யாழ்ப்பாணத் தொடர்பா? யார்?' என்று எழுதினேன்.

ஒரு காலை வீடு வீடாகச் சோதனை நடந்தது. நான் பள்ளியில் இருந்தேன். குறிப்பேடு அகப்பட்டது. "என்னோடது" என்றாராம் அண்ணி. பதினொரு நாள் காவலில் வைத்திருந்தார்கள். உண்மையைச் சொல்லப் பொலிஸ் நிலையம்வரை நடந்தேன், வாசலிலேயே திரும்பினேன்.

விடுதலையாகி வந்தவர் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்தார்.

"ஒங்க அண்ணன் யாழ்ப்பாணத்துக்கு லோடு கொண்டுபோனப்ப வாங்கினது, தம்பி. கடைக்காரரு மண்ணிறம்னாராம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அந்தப் பேச்சுதான் எனக்கு மிச்சம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, பெரிய வாத்தியாரே!" பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஒங்க வேலை போயிரும்" என்றார்.

நானும் வாய் திறக்கவில்லை. சோதனையன்று கேட் அருகே பொலிஸாரோடு பேசிய பக்கத்து வீட்டுச் சிங்களவரான மெனிக்கே அம்மாதான் காட்டிக்கொடுத்தார் என்று நம் உறவினர் முடிவு கட்டினர். அவரோ அண்ணியை விட்டுவிடச் சொல்லி மன்றாடியவர். பதினொரு நாளும் சோறு கொண்டுபோனவர். அதையும் 'பாவப் பரிகாரம்' என்றார்கள். அண்ணியின் இறுதிச் சடங்கிலும் அவர் கேட்டுக்கு வெளியேதான் நின்றார்.

போன வாரம், இதுவரை எழுதியதை மெனிக்கே அம்மாவுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன்.

"தெரியும், வாத்தியார் மாத்தயா. 'புத்தகம் என்னோடது'ன்னு அவ சொல்றப்ப பக்கத்துலதானே நின்னேன். மூணாங்கிளாஸ்காரி அவ்வளவு எழுதுவாளா? சொல்லாதேன்னு கண்ணக் காட்டினா" என்றார்.

அண்ணியின் கடைசி நாட்களில் துணையிருந்த அனைவருக்கும் நன்றி. இன்றைய திவசச் சாப்பாட்டுக்கு மெனிக்கே அம்மாவை அழைத்திருக்கிறேன். இம்முறையும் அவரைக் கேட்டுக்கு வெளியே நிற்க விட்டுவிடாதீர்கள்.