சீட்டில் குந்தாமல் பிரேக் பார்ப்பது எப்படி

1. புகை வந்த சக்கரம்

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம். திருவள்ளூரில் காதர் பாய் ஷெட்டில் நான் மெக்கானிக்காகச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கருப்பு அம்பாசடர் ஒன்று எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்சக்கரம் இரண்டிலும் புகை. தீய்ந்த நாற்றம் எதிர் டீக்கடை வரைக்கும் போனது. டிரைவர் முனுசாமி இறங்கி வந்து, மிதித்தால் பிரேக் பிடிக்கிறது, காலை எடுத்தால் விடமாட்டேன் என்கிறது என்றார்.

வண்டி, திருப்பாச்சூர் பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவருடையது. அவர் பின்சீட்டில் இருந்தபடியே கண்ணாடியை இறக்கி, பாயிடம் மட்டும் பேசினார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பெரியபாளையம் கோயிலுக்குப் போகிறார்களாம். அம்மா, மகள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர். அதற்குள் வண்டி வேண்டும். பாய் என்னைக் காட்டி, தாசுதான் பார்ப்பான் என்றார். மில்காரர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். என் அப்பா அவருடைய பங்காளி நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். கோயிலை விட்டுச் சர்ச்சுக்குப் போனாலும் தெரு மாறிவிடாது அல்லவா.

"பாய், அவன் அடியில பூந்து இன்னா வேணா பண்ணிக்கட்டும். சீட்டுல மட்டும் குந்தக் கூடாது" என்றார்.

என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். விழுந்தது. பாய் தலையை ஆட்டினார். நான் ஜாக்கியை எடுக்கப் போனேன்.

2. ஆயில் அல்லாத ஆயில்

இதைப் படிக்கிற சின்ன வயசு மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வண்டியில் இருக்கிற சாமான்களில் பெரும்பாலானவை அதை ஓட வைப்பதற்குத்தான். கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலக்கிறது. பிளக் பொறி வைக்கிறது. பிஸ்டன் இறங்குகிறது, கிராங்க் சுற்றுகிறது. கிளட்ச் அந்தச் சுற்றைக் கியர் பாக்ஸோடு சேர்க்கிறது, மிதித்தால் பிரிக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு நீள ஷாஃப்ட் பின்னால் போய்ப் பின்சக்கரத்தைத் திருப்புகிறது. இதில் எது கெட்டாலும் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கித் தள்ளலாம். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. காலையில் டிரைவர் ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பான், டிப் ஸ்டிக்கில் ஆயில் பார்ப்பான், ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கூடப் பார்ப்பான். பிரேக் ஆயில் மூடியைத் திறந்து பார்க்கிற டிரைவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரேக் வேலை செய்வது சிக்கலான விஷயம் இல்லை. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் போகும். சக்கரத்தோடு சுற்றுகிற ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் இருக்கிற பிறை வடிவ ஷூ விரிந்து, டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் ஷூவை இழுத்துக்கொள்ளும், ஆயில் வந்த வழியே திரும்பும். திரும்பாவிட்டால் பிரேக் விடாது, சக்கரம் சூடாகிப் புகையும்.

அந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் கால் வைக்கிற இடத்துக்குக் கீழே இருந்தது. கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, கால் மிதியைத் தூக்கி, மூடியைக் கழற்றினேன். விரலை விட்டு முகர்ந்தேன். என்ஜின் ஆயில். முனுசாமியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டீக்கடையைப் பார்த்தார்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிரேக் ஆயில் கிடைக்கவில்லையாம். லெவல் குறைந்திருந்ததாம். ஆயிலும் ஆயிலும் ஒன்றுதானே என்று ஊற்றிவிட்டாராம். தயவுசெய்து முதலாளிக்குச் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் பிள்ளை குட்டி உண்டு. சொல்லவில்லை.

அந்தப் பேரை வைத்ததே தப்பு என்று நான் எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பிரேக் ஆயில் என்பது ஆயிலே இல்லை. அது வேறு சரக்கு. பிரேக்குக்குள் ஆயில் ஒழுகாமல் பிடித்துக்கொள்கிற ரப்பர் கப்பின் மேல் என்ஜின் ஆயில் பட்டால் கப் உப்பிவிடும், ஆயில் திரும்பிப் போகிற துளையை அடைத்துவிடும். நான் கழற்றிய கப்புகள் ராத்திரி முழுக்க ஊறின கொண்டைக்கடலை மாதிரி இருந்தன.

மூன்று நாள் வேலை. எல்லாக் கப்பையும் மாற்றினேன். குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவினேன். முன்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று போகிற ரப்பர் ஓஸ் மூன்றும் வெளியே பார்க்க நன்றாக இருந்தன. மாற்ற வேண்டாம் என்றார் பாய். நானும் சரி என்றேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குழாயில் இருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒருத்தர் சீட்டில் இருந்து பெடலை மிதிக்க, இன்னொருத்தர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். யார் மேலே, யார் அடியில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. சட்டைப் பையில் ரோட்டர்

சனிக்கிழமை காலை மில்காரர் வந்தார். வண்டியை டிரையல் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று பாயிடம் சொன்னேன். முனுசாமி ஓட்டிப் பார்க்கட்டும் என்றார் பாய். முடியாது என்றேன். வேலை செய்தவன் கால்தான் பெடலில் இருக்க வேண்டும். எது என் கைவேலை, எது பழைய கோளாறு என்று அந்தக் காலுக்குத்தான் தெரியும். பிரேக்கில் என்ஜின் ஆயிலை ஊற்றிய ஆளிடம் போய் பிரேக் நன்றாக இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறீர்களா? இந்தக் கடைசி வாக்கியத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பாய் கெட்டவர் இல்லை. இரண்டு பக்கமும் கெடாமல் பார்க்கிறவர். எந்த வண்டியில் ஏறினாலும் கிரீஸ் படக்கூடாது என்று சீட்டில் நானே ஒரு சாக்கு விரிப்பது வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டார். சாக்கு போட்டு உட்காரட்டுமே என்று மில்காரரிடம் குழைந்து கேட்டார். மில்காரர் யோசித்துவிட்டு, சரி, சாக்கு மேல் என்றால் குந்தட்டும் என்றார்.

அதே சாக்குதான். ஆனால் அந்த நிமிஷத்தில் அது வேறு சாக்காகிவிட்டது. கிரீஸுக்காக விரித்தால் அது என் தொழில் மரியாதை. எனக்காக விரித்தால் அது என்ன?

பானெட்டைத் திறந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கட்டைவிரல் அளவு சாமான். அது இல்லாமல் எந்தப் பிளக்குக்கும் கரண்ட் போகாது. வண்டி அசையாது.

"தாசு, எனக்கு பேஜாரு பண்ணாத" என்றார் பாய்.

பயமில்லை என்று சொன்னால் பொய். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடியது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. குழாயடிக்குப் போனேன். மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். காக்கியைக் கழற்றிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். ரோட்டரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"ஐயா, நான் வெறும் சீட்டுலதான் குந்துவேன். வேணாம்னா வண்டிய தள்ளிக்கினு போங்க. பாக்காத பிரேக்க நம்பி ஒம்போது பேர ஏத்த நான் குடுக்க மாட்டேன்" என்றேன்.

மில்காரர் பாயைப் பார்த்தார். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, அவன் சொல்றது ரைட்டுங்க என்று முணுமுணுத்தார். மறுநாள் ஞாயிறு. வேறு வண்டி இல்லை. ரோட்டரை மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டியை என்னிடம் தனியாக விட மனசில்லாமல் மில்காரரும் பின்னால் ஏறினார்.

4. பெரியபாளையம் ரோடு

ஊரைத் தாண்டி, மெதுவாகப் போகும்போது ஒரு தடவை பிடித்தேன். நேராக நின்றது. இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. பின்னால் இருந்து, போதும் திருப்பு என்றார். நான் திருப்பவில்லை. குளிர்ந்த பிரேக் எல்லாம் நல்ல பிரேக்தான். சூடானால்தான் அதன் குணம் தெரியும்.

ஏரிக்கரையில் நாற்பது மைல் வேகத்தில் ஆறாவது தடவை பிடித்தேன். காலை எடுத்த பிறகும் வண்டி வலது பக்கம் இழுத்தது. எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டி. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்து, ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி ஓரமாக நிறுத்தினேன். மில்காரர் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் என் தோளை ஒட்டி இருந்தன. அது அவருக்குத் தெரியவில்லை.

இறங்கி, வலது முன்சக்கரத்தைக் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். இடது பக்கம் வெதுவெதுப்புத்தான். வலது ஓஸ் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே உப்பிப் போயிருக்கிறது, ஆயில் போகிறது, திரும்பவில்லை என்று விளக்கினேன். அதை மாற்றாதது என் தப்பு என்றும் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்ததால்தான் என் தப்பு எனக்கே தெரிந்தது. ஷெட் வரைக்கும் ஊர்ந்து வந்தோம்.

முனுசாமி பஸ்ஸில் மெட்ராஸ் போய் மூன்று ஓஸும் வாங்கி வந்தார். சாயங்காலத்துக்குள் மாட்டி, காற்றெடுத்து, மறுபடி அதே ரோட்டில் பத்து தடவை பிடித்துப் பார்த்தேன். வெறும் சீட்டில் உட்கார்ந்துதான்.

5. கடைசியாக

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்தபோது ஒரு தொழிற்சாலையின் வண்டி ஷெட்டுக்கு இன்சார்ஜாகப் போனேன். நான் போட்ட முதல் ரூல், வேலை செய்தவனே டிரையல் பார்க்க வேண்டும். மானேஜர் காராக இருந்தாலும் சரி. சீட்டு அழுக்காகும் என்று ஒரு மானேஜர் சண்டைக்கு வந்தார். சீட்டைத் துவைக்கலாம் சார் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். யார் தடுத்தாலும் ஓட்டிப் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள், அந்த மில்காரர் மனசு மாறினாரா என்று ஆசையாகக் கேட்பார்கள். மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரும் நல்லபடியாகப் போய்த் திரும்பினார்கள். திங்கட்கிழமை முனுசாமி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு விஷயம் சொன்னார். கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் முதலாளி முன்சீட்டுக் கவரைக் கழற்றி, மில் களத்தில் போட்டுக் கொளுத்தச் சொன்னாராம்.

கொளுத்தட்டும். மாஸ்டர் சிலிண்டரிலும் நாலு சக்கரத்திலும் நான் என் விரலால் எடுத்து மாட்டிய ரப்பர் கப்புகள் இருந்தன. அவருடைய அம்மாவும் பேரப்பிள்ளைகளும் அதை நம்பித்தான் போய் வந்தார்கள். அதைக் கழற்றித் தா என்று அவர் கடைசி வரைக்கும் வரவில்லை.