ஏலத்தில் போன பச்சைத் தடியும் மரியதாஸ் அண்ணையும்

மரியதாஸ் அண்ணை போய்விட்டார். நேற்று விடியப்புறம், நித்திரையிலேயே. நோவு ஒன்றும் இல்லாமல்... அந்த மட்டில் நிம்மதி.

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதப் பழகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் பேப்பரில் எழுத, மருமகள் போனில் படம் எடுத்துப் போடுகிறாள். காலையில் தொடங்கியது, பின்னேரத் தேத்தண்ணியும் வந்துவிட்டது. ஆனால் அண்ணையின் பெயரை நானே எழுதிவிட்டேன்!

மன்னாரில் தூண்டில் சாமான் வாங்கிய எல்லோருக்கும் அவருடைய கடையைத் தெரியும். எனக்குப் படகு கிடையாது. பெரிய பாலத்தில் நின்று தூண்டில் தடி போடுகிறவன் நான். அவரோ என்னைக் கண்டால், பத்துப் படகு வைத்திருக்கிற முதலாளியைக் கூப்பிடுவதுபோல, கடை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார்.

"வாங்கோ சம்மாட்டியார்! இண்டைக்கு எத்தனை படகு கரைக்கு வந்தது?"

என் பச்சைத் தடி அவரிடம் வாங்கியதுதான். அந்த மொடலைக் கொம்பனி நிறுத்திக் கனகாலம். மீன் இரையைச் சும்மா தொட்டுப் பார்த்தாலும் கைக்குத் தெரியும்... அப்படி ஒரு தடி.

கடைசித் திருவிழாவில்தான் வினை வந்தது.

எங்கள் கோயிலில் சனம் நேர்த்திக்குக் கொண்டுவருகிற பொருட்களைத் திருவிழாப் பூசை முடிந்து முற்றத்தில் ஏலம் விடுவார்கள். சேவல், தேங்காய், ஆடு. அந்த முறை யாரோ ஒரு பச்சைத் தடியையும் வைத்திருந்தார்கள். என்னுடையதைப் போலவே, அதே மொடல்.

அண்ணை எழும்பி முதல் கேள்வியிலேயே ஒரு விலை சொன்னார். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம் அந்தக் காசுக்கு. ஒருவரும் மேலே கேட்கவில்லை.

தூண்டில் கடைக்காரனே இந்த விலை கொடுக்கிறான் என்றால்...?

அன்றைக்கே என் மகன் தடியைத் துடைத்து, பெட்ஷீற்றில் சுற்றி, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டான். "அப்பா, இனித் தொடாதேங்கோ. இது இப்ப வாறதில்லை. வச்சிருக்க வச்சிருக்க விலை ஏறும்." போனிலும் தேடிக் காட்டினான். வெளிநாட்டில் யாரோ பழைய தடிகளுக்குப் பெரிய பெரிய விலை போட்டிருந்தார்கள்.

பெடியன் ஆசையில் சொல்கிறான். நான் என்ன சொல்வது? அவன் வாங்கித் தந்த புதுத் தடியோடு பாலத்துக்குப் போனேன். மீன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பிறகு போவதையே விட்டுவிட்டேன். பின்னேரங்களில் கதிரையில் இருந்து அலுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்... ஏதோ செத்தவீடு மாதிரி.

போன மாதம் அண்ணை ஓட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார். உடம்பு நல்லாய் மெலிந்திருந்தது. வாய் மட்டும் அப்படியே.

"சம்மாட்டியாரைப் பாலத்தில காணேல்லை எண்டு சனம் சொல்லுது. படகெல்லாம் வித்துப்போட்டியளோ?"

மகன் பெருமையாக அலுமாரிக்கு மேலே காட்டினான். அண்ணை பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தார்.

"தம்பி, அண்டைக்கு ஒரு சேவல் ஆட்டு விலைக்குப் போச்சுது, கண்டனியெல்லோ? அதுக்காக ஊரில உள்ள சேவலெல்லாம் ஆடாகிட்டுதோ?"

"இல்லை மாமா, நீங்கள்தானே அவ்வளவு குடுத்தனீங்கள்..."

"அது என்ரை மகளின்ரை ஒப்பரேஷன் சுகமா முடிஞ்சதுக்குக் கோயிலுக்குக் குடுத்த காசடா. அந்த நேரம் தேங்காய் வந்திருந்தால் தேங்காய்க்குக் குடுத்திருப்பன்."

ஏலத்தில் எடுத்த அந்தத் தடியைக் கடையில் தொங்கவிட்டுப் பார்த்தாராம். வந்தவர்கள் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. நுனி வளையம் உடைந்தால் மாற்றிப்போட இப்போது சாமான் கிடையாதே. கடைசியில் விடத்தல்தீவுக்காரர் ஒருவர், புதுத் தடியின் பாதி விலைக்குப் பேரம் பேசி எடுத்துப்போனாராம்.

"அப்ப போனில போட்டிருக்கிற விலை?" மகன் விடவில்லை.

"அது அவங்கள் கேக்கிற விலை. ஆர் குடுத்தது எண்டு போட்டிருக்கோ?"

மகனின் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ... எப்படி எழுத? நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி.

"அப்ப அண்ணை, தடி உப்புத் தண்ணியில நனைஞ்சாலும் பரவாயில்லையோ?"

"கடலுக்குள்ள விழுந்தாலும் பரவாயில்லை, சம்மாட்டியார். நீங்கள் விழாதேங்கோ."

மகன் ஸ்டூலைப் போட்டு ஏறித் தடியை இறக்கித் தந்தான். அடுத்த நாளே பாலத்துக்குப் போனேன். ஒரு பாரை மீன் பட்டது. கை நீளம்கூட இல்லை. நேரே அண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தட்டில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தடிக்கு ஏத்த மீன்தான்."

சொதி வைத்துச் சாப்பிட்டாராம். முள்ளை மட்டும்தான் மிச்சம் விட்டார் என்று அண்ணையின் மனைவி, எங்கள் அக்கா, இன்றைக்கு அழுகைக்கு நடுவிலும் சொன்னா.

நாளை பின்னேரம் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போயிட்டு வாங்கோ அண்ணை. அடுத்த கிழமை தடியோடு பாலத்துக்குப் போறன். என்ன பட்டது எண்டு இதிலேயே எழுதுறன், சின்ன மீன் எண்டால் கடை முழுக்கக் கேக்கச் சிரியுங்கோ.