பின்பக்க இடது பெட்டி

அந்த அறையில் யாரும் இல்லை என்று நீ என்னிடம் சொன்னது பொய். உன் அண்ணன் குவைத்தில் இருக்கிறார் என்றது இரண்டாவது பொய். திருப்பதிக் கூட்டத்தில் அவர் காணாமல் போய்விட்டார் என்று இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அது மூன்றாவது.

எனக்கு அழகாக எழுத வராது. சித்தூரில் டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறவன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

மாங்காய் சீசன் முடிந்த சமயம் நீ என் கடைக்கு வந்தாய்.

"தங்கச்சியப் பாக்க பெங்களூர்லேர்ந்து வர்றாங்க. மாப்ள கம்ப்யூட்டர் கம்பெனி. ஹால்ல ஹோம் தியேட்டர் கட்டணும். செட்டு நம்மகிட்டயே கீது, நீ வந்து மாட்டு போதும்" என்றாய்.

மறுநாள் பகல் பதினோரு மணிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். பரணிலிருந்து நீயே அட்டைப் பெட்டியை இறக்கி வைத்தாய். வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கட்டுவதுபோல நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. மேலே கறுப்பு மையில் பெரிய எழுத்தில் ஒரு பெயர், சித்தூர் விலாசம். ஊருக்கு வந்த பிறகு பெட்டியை யாரும் பிரிக்கவே இல்லை.

"யார் பேரு சார் இது?"

"அண்ணன். குவைத்துல கீறாரு. அவுரு வாங்கி அனுப்புனது."

கயிற்றை அறுத்தேன். ஆம்ப்ளிஃபயர், ஐந்து சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள், கனத்த சத்தத்துக்கு ஒரு பெரிய பாஸ் பெட்டி. கூடவே ஆங்கிலத்திலும் அரபியிலும் அச்சடித்த ஒரு புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஒரு படம் போட்டிருந்தார்கள். நீளமான ஹால், டிவி இருக்கும் இடம், ஐந்து பெட்டிகள், நடுவில் இடது சுவர்ப்பக்கம் ஒதுங்கி ஒரு நாற்காலி. நாற்காலிக்குள் 'நைனா', அதாவது அப்பா, என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் ஓர் எண். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

ஹாலின் இடது சுவரில் ஒரு கதவு. பெரிய பூட்டு. நிலையில் வேப்பிலைக் கொத்து, காய்ந்துபோன எலுமிச்சம்பழம். எதிரே உன் நைனாவின் படம், மாலையோடு.

"நைனா அவிட்டத்துல தவறிட்டாரு. ஆறு மாசம் அடைப்பு, உள்ள யாரும் இல்ல. அந்தக் கதவுகிட்டப் போவாத" என்றாய்.

நீ சொல்லவே வேண்டாம். அவிட்டம் மாதிரி சில நட்சத்திரங்களில் ஒருவர் செத்தால், உயிர் போன அறையை மாதக்கணக்கில் அடைத்து வைப்போம். எங்கள் வீட்டிலும் ஒரு தடவை செய்தோம். அந்தப் பக்கம் கால் நீட்டிக்கூடப் படுக்க மாட்டோம். ஆனால் பின்பக்க இடது பெட்டியை அந்தச் சுவரில்தான் மாட்டியாக வேண்டும். ஓட்டை போடலாமா என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் நம்ம ஹால்தானப்பா. போடு, போடு. நைனாவும் பாட்டு கேக்கட்டும்" என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன்.

அரைச்செங்கல் சுவர். ட்ரில் கொஞ்சம் அதிகமாக இறங்கி, அந்தப் பக்கம் வெளியே போய்விட்டது. முனையை வெளியே இழுத்தபோது ஓட்டையிலிருந்து சூடான காற்று வந்தது. அடைத்து வைத்த அறையின் காற்று என்று நினைத்துக்கொண்டு, பெட்டியைத் தாங்கும் பிராக்கெட்டை வைத்து மூடினேன்.

அதற்குப் பிறகுதான் டிலே வைக்க வேண்டும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் சத்தம் விட்டால், கிட்டே இருக்கிற பெட்டியின் சத்தம் முதலில் காதுக்கு வந்துவிடும். அதனால் கிட்டே இருப்பதைக் கொஞ்சம் தாமதிக்க வைக்க வேண்டும். ஒரு மில்லி செகண்டில் சத்தம் ஏறக்குறைய ஓர் அடி போகும். உட்காரும் இடத்திலிருந்து டேப் பிடித்து அளந்தால் கணக்கு வந்துவிடும். உன் சோபாவிலிருந்து முன்பெட்டி பதினோரு அடி, பின்பக்க வலது ஏழு, பின்பக்க இடது நான்கு. பதினொன்றில் கழித்தால் வலதுக்கு நான்கு மில்லி செகண்ட், இடதுக்கு ஏழு. சரிபார்க்க அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். பென்சில் படத்திலும் வலதுக்கு 4, இடதுக்கு 7. இந்த ஹாலைப் பார்க்காமலே எவனோ குவைத்தில் உட்கார்ந்து அளந்து வைத்திருக்கிறான். புத்தகத்தை உன்னிடம் நீட்டினேன்.

"இது யாரு சார் போட்டது?"

"கடைக்காரன் எவனாவது போட்டிருப்பான். வேலையப் பாரு."

ஃபேனை நிறுத்தச் சொன்னேன். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். டெஸ்ட் சத்தம் போட்டேன். மழை பெய்வதுபோல 'ஷ்ஷ்' என்று இரண்டு செகண்ட் ஒவ்வொரு பெட்டியாகச் சுற்றி வரும். முன் இடது, நடு, முன் வலது, பின் வலது, கடைசியில் பின் இடது. முதல் சுற்றில் பின் இடது நின்றதும் சுவருக்குள்ளிருந்து கேட்டது.

டக். டக்டக்.

பிராக்கெட் அதிர்கிறது என்று நினைத்து இறுக்கினேன். அடுத்த சுற்று. முன் இடது, நடு, முன் வலது, பின் வலது. பின் இடது ஆரம்பிக்கும் முன்பே,

டக். டக்டக்.

எதிரொலி பின்னால்தான் வரும். பிராக்கெட் அதிர்ந்தாலும் சத்தத்துக்குப் பின்னால்தான் அதிரும். இது முன்னால் வந்தது. அடுத்தது தன் முறை என்று தெரிந்து வந்தது. மூன்றாவது சுற்றிலும் அப்படியே. நான் உன்னைப் பார்த்தேன். நீ சுவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எலி" என்றாய். ரிமோட்டைப் பிடுங்கி, ஒரு பாட்டைப் போட்டு, சத்தத்தை முழுதாக ஏற்றினாய்.

நான் என்ன செய்தேன்? டூல்ஸை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். செத்துப்போன உன் நைனா தட்டுகிறார் என்று நம்பினேன். ஒரு வாரம் காய்ச்சல். கங்கையம்மன் கோவிலில் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டேன். உள்ளே உயிரோடு ஒரு ஆள் இருக்கலாம் என்று ஒரு நொடிகூட என் மண்டைக்கு உறைக்கவில்லை. நீ போட்ட பூட்டைவிட, நட்சத்திரத்தின் பேரைச் சொன்னதே எனக்குப் போதுமாக இருந்தது. அது உனக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பது நாள் கழித்து, பின்பக்க இடது பெட்டி பாடவில்லை என்று போன் செய்தாய். நான் வந்தபோது நீ உன் மண்டிக்கடைக்குப் போயிருந்தாய். வீடு பெருக்கும் அம்மா கதவைத் திறந்தார். அந்த அறை திறந்து கிடந்தது. ஆறு மாதம் முடியவில்லை. உள்ளே ஃபினாயில் நாற்றம். சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கட்டில். என் ட்ரில் வெளிவந்த இடத்தில் பூச்சைச் சுரண்டிச் சுரண்டி, கட்டைவிரல் போகிற அளவுக்குப் பள்ளம். என் ஒயரை அந்த வழியாக உள்ளே இழுத்து, இரண்டு முனைகளையும் தனித்தனியாக அழகாக முறுக்கி விட்டிருந்தது. எலி அப்படி முறுக்காது.

"பெரியவரு இந்த ரூம்லதானம்மா செத்தாரு?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? அவுரு வேலூரு ஆஸ்பத்திரியில இல்ல செத்தாரு. இதுல இவுரு அண்ணன், பெரிய தம்பிதான் இருந்துச்சு. குவைத்துலேர்ந்து வந்த நாளா ஒரு பேச்சு இல்ல. எதையாவது தட்டிக்கினே இருக்கும். யாரையும் ஒரு அடி அடிச்சதில்லப்பா. ஜன்னல்ல சோத்துத் தட்டு வெப்பேன், பாதி துன்னும்."

"இப்ப எங்க?"

அந்த அம்மா வாசலைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மாப்ள வீட்டுக்காரங்க நாள் குறிச்சிட்டுப் போனாங்க இல்ல, அதுக்கு அடுத்த வாரம். திருப்பதியில மொட்ட போட்டா சரியாயிடும்னு கார்ல இட்டுக்கினு போனாங்க. புதுச் சட்ட போட்டுக்கினு, சிரிச்சிக்கினே ஏறிச்சு. கார் மட்டுந்தான் திரும்பி வந்துச்சு."

அன்று மாலையே மண்டியில் உன்னைப் பிடித்தேன். நீ சொன்ன வார்த்தைகளை நான் மாற்றவில்லை.

"கூட்டத்துல கை விட்டுப்போச்சுப்பா. நான் இன்னா பண்றது?"

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"எதுக்கு? சாமிகிட்ட கீறான். வேளாவேளைக்கு அன்னதானம். உன்னவிட நல்லாத் துன்னுவான். ஸ்பீக்கர் சரியாச்சா இல்லியா, அதச் சொல்லு."

நான் திருப்பதிக்குப் போனேன். ஐந்து தடவை போனேன். மொட்டை அடித்த ஆண்கள் ஆயிரக்கணக்கில் நடக்கிற ஊரில், முகமே தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது? உன் வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவிட்டாய். எனக்குத் தெரிந்தது அவர் தட்டுவது மட்டும்தான். அதனால் பஸ் ஸ்டாண்டிலும் மலையடிவார அலிபிரியிலும் கம்பிகளில் தட்டிக்கொண்டே நடந்தேன். டக். டக்டக். ஜனங்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்து ஒதுங்கினார்கள். நான்காவது தடவை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு கடை வரிசையில், நான் தட்டக் கையை ஓங்கினேன். தட்டுவதற்கு முன்னால், ஷட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது. ஓடிச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். வெறும் சந்து. ஒரு சட்டை கிடந்தது. கசங்கியிருந்தாலும் புதுச் சட்டை.

அது அவருடையதா என்று எனக்குத் தெரியாது. வாங்கிக் கொடுத்த உனக்குத் தெரியும். சட்டை என் கடையில் இருக்கிறது.

இப்போதும் எந்த வீட்டில் டெஸ்ட் சத்தம் போட்டாலும், நான்காவது பெட்டி முடிந்ததும் என் கை நின்றுவிடுகிறது.

என் தப்பை எழுதிவிட்டேன். தட்டியது கேட்டும் ஓடினேன். இனி உன் முறை. வருகிற ஜாத்திரைத் திருவிழாவில் கங்கையம்மன் கோவில் முன்னால் வழக்கம்போல நீதான் மேடையேறி மைக் பிடிப்பாய். மைக் செட் கட்டுவது நான். கடைசித் தெருவரைக்கும் கேட்கிற மாதிரி கட்டுகிறேன். உன் தங்கச்சி வீட்டுக்காரர்களும் வருவார்கள். அந்த மைக்கில், எல்லாருக்கும் கேட்கச் சொல்: அவரை எந்த இடத்தில் காரிலிருந்து இறக்கினாய்? என்ன சொல்லி நிற்க வைத்தாய்? என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்?